இருநூறு ‘முடியாது’

தப்புத் தப்பாகக் கேட்பதுதான் அவளுடைய வேலை. சோதனைக்கு வந்த புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் இல்லாத ஃபைலைத் திறக்கச் சொல்வாள். இருக்கிற ஃபைலில் மைனஸ் ஏழு எழுத்தைப் படிக்கச் சொல்வாள். அது மயங்கி விழாமல் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் பாஸ்.

காலையில் மூன்றாவது தடவையாக மேனேஜரிடம் போய் நின்றாள்.

“சார், நாளைக்கு என் தங்கச்சிக்கு ஆபரேஷன். ஒரு நாள் லீவு…”

“முடியாதும்மா,” என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். “முதல்ல டெஸ்ட்டை முடி.”

மூச்சுவிடாமல் உட்கார்ந்து செய்தாள். மாலைக்குள் இருநூறு தப்பான கேள்விகள், இருநூறுக்கும் ‘முடியாது’. சிஸ்டம் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

“கல்லு மாதிரி நிக்குதுல்ல? கையெழுத்துப் போட்டுட்டு லீவுல கிளம்பு,” என்று மேனேஜர் பூரித்துப்போனார்.

பேனாவைத் திறந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தாள். இருக்கிற ஃபைல், பத்தே எழுத்து.

‘முடியாது.’

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி, இது கேள்வியைப் படிக்காமலே பதில் சொல்லுதுடி. எந்தப் புண்ணியவான் எழுதினது?”

புரோகிராமின் முதல் வரியில் பெயர் இருந்தது. பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேனேஜரின் மேஜையில் வைத்தாள்.

“கையெழுத்துப் போட முடியல சார். சரியாக் கேட்டாலும் முடியாதுன்னே சொல்லுது. இது நீங்க எழுதின பகுதி.”

“அப்ப இதைச் சரிபண்ற வரைக்கும் லீவு முடி…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். காகிதத்தில் இருந்த ‘முடியாது’ கண்ணில் பட்டது. பிறகு, முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தார்.

“உட்காரும்மா. எதுக்கு லீவு கேட்டே?”