மாப்பிள்ளைக்கு ஒரு ரேஸ் டிராக்

"மாப்ளைக்குக் கார் குடுக்கறவங்களைப் பாத்திருக்கேன். கார் ஓட ரோடு போட்டுக் குடுக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் ஆதிலட்சுமி.

அவள் கணவர் ஆதிமூலம் பதில் சொல்லவில்லை. கலெக்டர் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து பெற்ற பயிற்சி அது. கூடத்தையே அடைத்துக் கிடந்த பிளைவுட் பலகை மேல் மண்டியிட்டு, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாதைகள், பள்ளம் வெட்டி, ஓரத்தில் தாமிரப் பட்டை ஒட்டியிருந்தது. கரன்ட் விட்டால் உள்ளங்கை அளவு கார் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். அய்யூப் பாய் ரேடியோ கடையில் ஒரே மாதிரி இரண்டு டேப்ரெக்கார்டர் மோட்டார் வாங்கி, இரண்டு கார்களும் தயார்.

ஆரணியில் இருக்கும் அவருடைய அக்கா மகன் பாலாஜிக்கு ரேஸ் பைத்தியம். ஆதிமூலத்தின் ஒரே பெண் வேதா அவனுக்குத்தான் என்று, வேதா பிறந்த அன்றே அக்கா ஜோதியம்மாள் முடிவு செய்துவிட்டாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறேன், அப்படியே தேதியும் குறித்துவிடலாம் என்று இப்போது கடிதம் போட்டிருந்தாள்.

வேதாவிடமும் ஒரு கடிதம் இருந்தது. மெட்ராஸில் எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். அதை அப்பாவிடம் மூன்று முறை காட்டினாள். மூன்று முறையும், "அத்தை வரட்டும்மா," என்றார். அத்தை எதிரில் அப்பா உட்கார்ந்தே அவள் பார்த்ததில்லை.

அத்தையின் கடிதம் வந்த மறுநாள், டிராக்கின் நடுவே ஒரு மலை முளைத்தது. பழைய பேப்பர், மைதாப் பசை, மேலே பெயின்ட். "நம்ம ஊரு டிராக்குன்னு தெரிய வேணாமா?" என்றார். பெண்ணின் படிப்பு எக்கேடு கெட்டால் என்ன, மலைக்கு உச்சி சரியாக வந்திருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

பௌர்ணமி கழிந்த காலையில், பதினாலு கிலோமீட்டர் நடந்த கால்களை நீட்டிக்கொண்டு அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். காகித மலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சூப்பர் மாமா!" என்றான் பாலாஜி. "யார் கூட ஓட்டறது?"

"வேதா ஓட்டுவா மாப்ள."

"வேதாவா?" பாலாஜி சிரித்தான்.

ஆதிமூலம் தலையைச் சொறிந்தார். "மெட்ராஸ் போய்ப் படிக்கணும்னு அடம் பிடிக்கறாக்கா. நீயாவது சொல்லு."

அத்தையும் சிரித்தாள். "முதல்ல இதுல அவ எம்புள்ளையை ஜெயிக்கட்டும். ஜெயிச்சா மெட்ராஸுக்கே அனுப்பு. நான் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"வெளையாட்டுக்குத்தானே சொல்றக்கா?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா சொல்றேன்டா!"

வேதாவின் மூன்று வருஷப் படிப்பு, ராங்க், அட்மிஷன் கடிதம் எல்லாம் போய், கடைசியில் டேப்ரெக்கார்டர் மோட்டார் கையில் வந்து நின்றது வாழ்க்கை. பத்துச் சுற்று என்றார் அப்பா, நாட்டாமை மாதிரி.

பாலாஜி விவரமானவன். நேராக உள்பாதை ஸ்விட்சுக்கு எதிரில் போய் உட்கார்ந்தான்.

"டேய், எந்திரிடா!" அத்தை கத்தினாள். "மலையை ஒட்டினாப்ல சித்தருங்க சுத்தற வழிடா அது. ராத்திரி பூரா நான் மலைப்பக்கத்தை விட்டு இடது ஓரமாவே நடந்தது எதுக்குன்னு நெனச்ச?"

"அம்மா, இது பிளைவுட்டும்மா."

"எதுவா இருந்தா என்ன, மலை மலைதான். வெளிப்பக்கம் வா."

"அப்ப உள்ள யாரு ஓட்டறது?"

"அவ ஓட்டட்டும்."

சித்தர்களின் கோபம் வேதாவின் தலையில் விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது. மருமகள் என்று ஒருத்தி வருவது பின்னே எதற்கு?

இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே இருந்த நாலு அங்குல இடைவெளியை வேதா பார்த்தாள். மனம் தானாகக் கணக்குப் போட்டது. உள்பாதை ஒரு சுற்றுக்கு இரண்டடி கம்மி. பத்துச் சுற்றுக்கு இருபதடி. அவள் வாயைத் திறக்கவில்லை. கூச்ச சுபாவத்தால் அவளுக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

ரேஸ் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இருவரும் ஸ்விட்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பாலாஜி வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்தான், பல்லைக் கடித்தான், காரைத் திட்டினான். கார் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேதா பத்தை முடித்தபோது அவன் ஒரு முழுச் சுற்று பின்னால் வந்துகொண்டிருந்தான்.

பாலாஜி தன் காரை எடுத்துச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான்.

வேறு யார் மேல் சத்தியம் செய்திருந்தாலும் அத்தை அதற்கொரு வழி கண்டுபிடித்திருப்பாள். காகித மலையை ஒரு தடவை பார்த்தாள். "டிபனெல்லாம் வேணாம்," என்று எழுந்து, மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை கைகட்டி நின்ற ஆதிமூலம், உள்ளே வந்து ஸ்விட்சுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அப்பா," என்றாள் வேதா மெதுவாக. "முதல்ல நீங்க வரைஞ்ச பிளான்ல நடுவுல மலையே இல்லையே?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டிராக்கைப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? எங்க அக்காவைத் தெரியும்."