ஆளில்லாத ஏரிக்கரை

"ஆளுங்களைக் காணாமப் போக வைக்கிற கண்ணாடி ஒண்ணு வேணும்ணா. விலை குறைச்சலா."

கேமராக் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே நின்ற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. தையல் வேலைக்கு நடுவே எழுந்து வந்திருக்கிறாள்.

"அப்படி ஒண்ணு இருந்தா முதல்ல என் மச்சானுக்கு எதிரே வச்சிருப்பேனேம்மா."

"சிரிக்காதீங்கண்ணா. இயற்கைக் காட்சி எடுக்கறவங்க லென்ஸுக்கு முன்னாடி மாட்டுவாங்களாமே, கறுப்பா..."

"ஓ, ஃபில்டரா! அப்படிச் சொல்லுங்க." கடைக்காரருக்குப் பிடித்த பாடம் இது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைச்சுடும். அதனால கேமரா மூணு நாலு நிமிஷம் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள குறுக்கே நடக்கறவன், ஓடறவன் எவனும் படத்துல பதிய மாட்டான். தண்ணி பட்டுத்துணி மாதிரி வழவழன்னு ஆயிடும்."

"நின்னு பேசிட்டுப் போறவங்க?"

"ஆவி மாதிரி லேசாத் தெரிவாங்க."

"அப்ப யாருதான் அப்படியே விழுவாங்க?"

"மரம், பாறை, விளக்குக் கம்பம். உயிருள்ளது எதும்மா நாலு நிமிஷம் ஆடாம அசையாம இருக்கும்? என் பேத்தி நாலு செகண்ட் இருக்க மாட்டா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்கே எடுக்கப் போறீங்க?"

"ஏரிக்கரையிலண்ணா. நடைபாதைப் பக்கம்."

"சாயங்காலம் அங்கே எறும்பு மொய்க்கிற மாதிரி இருக்குமே! எதுக்கு இவ்வளவு பாடு? விடியக்காலையில போங்க, ஒரு ஈ காக்கா இருக்காது. ஃபில்டரே தேவையில்ல."

"இல்லண்ணா. கூட்டம் இருக்கறப்பதான் எடுக்கணும். ஆனா படத்துல கூட்டம் இருக்கக் கூடாது."

"மழையில நிக்கணும், நனையவும் கூடாதுங்கறீங்க." கடைக்காரர் சிரித்துக்கொண்டே மூன்று பெட்டிகளை எடுத்துப் பரப்பினார்.

முதல் பெட்டியின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தவள், இஸ்திரி போட்ட துணியை வைப்பதுபோல் அதைப் பதமாகத் திரும்ப வைத்தாள். இரண்டாவதை அவள் எடுப்பதற்குள் அவரே நகர்த்திவிட்டார்.

"இது திருகு ஃபில்டர். திருகத் திருகக் கறுப்பு கூடும். விலையும் சல்லிசுதான். ஆனா முழுசாத் திருகினா படத்து நடுவுல பெருக்கல் குறி போட்ட மாதிரி நிழல் விழும். இதை வித்துட்டு நாளைக்கு உங்ககிட்ட யாரு திட்டு வாங்கறது?"

"அப்ப இந்த மூணாவது?"

"விலைக்கு இதான் நல்ல சரக்கு. ஒரே ஒரு குறை, படத்துல ஊதா ஏறும்."

"மட்டத் துணி சாயம் விடற மாதிரியா?"

"அதேதான்! ஆனா படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்திட்டா எந்தச் சாயமும் தெரியாது. லென்ஸ் என்ன அளவு?"

சுருக்குப் பையிலிருந்து ஒரு லென்ஸ் மூடியை எடுத்து நீட்டினாள். அளவை விடுவாளா தையல்காரி?

"ஸ்டாண்டு இருக்கா?"

"எல்லாம் இருக்குண்ணா. கேமரா, ஸ்டாண்டு, எல்லாமே என் தம்பியோடது."

"அப்ப அவரையே எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"அன்னிக்கு அவனுக்கு வேற வேலை இருக்கு" என்றாள் அவள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

"முதல்ல ஃபோகஸ் வச்சுட்டு அப்புறம் மாட்டுங்க. மாட்டின பிறகு கும்மிருட்டுதான், ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பத்து நாள் கழித்து அவள் மெமரி கார்டோடு வந்தாள்.

"பெரிசா ஒரு பிரிண்ட் போடணும்ணா. சுவத்துல மாட்டற அளவுக்கு."

கம்ப்யூட்டர் திரையில் படம் விரிந்ததும் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஏரி ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்துப் போட்டதுபோல் கிடந்தது. எப்போதும் தோளோடு தோள் இடிக்கும் நடைபாதை, கழுவிவிட்டதுபோல் காலியாக இருந்தது. தாமே எடுத்த படம்போல அவருக்குப் பெருமையாக இருந்தது.

"பிரமாதம்மா! முதல் படம்னு யாரும் நம்ப மாட்டாங்க."

பேசிக்கொண்டே இருந்தவர், படத்தின் நடுவே கண் போனதும் உச்சுக்கொட்டினார். நடைபாதைக் கம்பியோரம் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. முகம் மட்டும், நடுவில் சிரித்திருப்பான் போல, லேசாகக் கலைந்திருந்தது.

"அடடா... அத்தனை கூட்டமும் போய், இந்த ஒருத்தன் மட்டும் நந்தி மாதிரி மிஞ்சிட்டானே! கவலைப்படாதீங்க, அரை நிமிஷத்துல அழிச்சுடறேன்."

அம்புக்குறி அந்த ஆளை நோக்கி நகர்ந்தது.

"ஐயோ, வேண்டாம்ணா!" அவள் பதறிப்போய்த் திரையின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். "அவன்தான் என் தம்பி. மலையில படம் எடுக்கப் போன இடத்துல விழுந்துட்டான். ஒன்பது வருஷமா கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தினமும் சாயங்காலம் சக்கர நாற்காலியில அங்கே தள்ளிக்கிட்டுப் போறேன். அத்தனை பேர் தாண்டிப் போறாங்க, ஒருத்தர் கண்ணும் அவன்மேல நிக்கறதில்ல. 'அக்கா, அவங்க யாருமே இல்லாம நான் மட்டும் தெரியற படம் ஒண்ணு எடுக்க முடியும், போய்க் கறுப்பு ஃபில்டர் வாங்கிட்டு வா'ன்னு அவன்தான் என்னை அனுப்பினான்."