கழுவின பாட்டில்

மாசாணியம்மாளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதென ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அருண்குமார் முடிவு கட்டிவிட்டார்.

எட்டு வருஷமாக அந்தக் கோவை ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவிப் பெருக்கித் துடைக்கிறவள். நல்லவள்தான். நல்லவளாக மட்டும் இருந்து என்ன செய்ய?

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்து ஊர்களின் போர்வெல் தண்ணீரில் யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. லேசர் அடித்து அணு அணுவாக எண்ணுகிற மெஷின் அது. மண்ணிலும் தூசியிலும் இயற்கையாகவே இருக்கிற துளி யுரேனியத்தைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். துடைக்கிறேன் என்று தூசியைக் கிளப்ப வேண்டாமென்று, மூன்று வாரத்துக்கு முன் மாசாணியம்மாள் மெஷின் அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்.

அப்படியும் கொஞ்ச நாளாகக் கதை கந்தல். ஒன்றுமே கலக்காத சுத்த நீரை வைத்தாலும் மெஷின் யுரேனியம் என்கிறது. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஊர்க்காரர்கள் தினமும் போனில் கேட்கிறார்கள். என்னவென்று சொல்ல? பாட்டில் கழுவுவதில்தான் கோளாறு, வேறென்ன?

காலையில் வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"முந்தி மாதிரி சுத்தமில்லீங்கம்மா. நாளையிலிருந்து வேற ஆளு பாத்துக்கறமுங்க."

அவள் அழவில்லை. மகளுக்குக் காலேஜில் இது கடைசி வருஷம் என்றாள். தன் கை படாத புதுப் பாட்டில் ஒன்றில் சுத்த நீரை வைத்துப் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அதையும் செய்துவிடலாமே என்று அருண்குமார் புதுப் பாட்டிலைப் பிரித்தார். வழக்கம்போல், மாதிரி வைக்கும் தட்டின் ஓரத்தில் மருதமலைத் திருநீறு பூசி, கண்மூடிக் கும்பிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மெஷினை ஓட்டினார்.

மறுபடியும் யுரேனியம்.

அப்படியானால் பாட்டிலில் குற்றமில்லை. அறை வாசலில் நின்றவளை நிமிர்ந்து பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு உங்க மேல இல்லீங்கம்மா. பின்ன எங்கிருந்து வருதுன்னுதான் தெரியலீங்க."

மாசாணியம்மாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்று இரண்டு தரம் கேட்டாள்.

"தட்டுல பொட்டுத் தூசி இருக்கப்படாதுன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க. சாமி காரியம், சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு, நீங்க திருநீறு பூசிட்டு டீக்குப் போனதும் தெனமும் நானே தொடச்சுபோடுவனுங்க. மூணு வாரமா என்னைய உள்ள உடலீங்களே."