பதினொன்னு புள்ளி எட்டு

"ஆர்டர் ஒனக்குத்தான் ஆத்தா"ன்னு அண்ணாச்சி சொன்னதும் முனீஸ்வரி போட்ட கத்துல, பக்கத்துப் பட்டறைக்காரன் வெல்டிங்க நிறுத்திட்டு எட்டிப் பாத்தான்.

சும்மாவா பின்ன? கம்பம் சண்முகராஜ் அண்ணாச்சி, திராட்சைக் கொடி கவாத்து வெட்டுற கத்தரி செய்றவுக. அந்தக் கத்தரி வாயப் பூட்டி வைக்கிற குட்டிக் கொக்கி, மாசம் அஞ்சாயிரம் வேணும் அவுகளுக்கு. இது கைவிட்டுப் போயிருந்தா, பழனிசெட்டிபட்டில இருக்க இந்த ஒத்த ரூம் யூனிட்ட அடுத்த மாசமே பூட்டிருக்கணும்.

போட்டிக்குக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்னும் சாம்பிள் அனுப்பிருந்துச்சு. அண்ணாச்சி அதையும் சட்டைப் பையில கொண்டாந்துருந்தாக.

"மாட்டுனா லொடலொடன்னு ஆடுது. இந்தா, நீயே வச்சு வெளையாடு."

"இன்னொன்னும் வாங்கிக் குடுங்க அண்ணாச்சி, அக்கா கம்மலாப் போட்டுக்கிரும்"னான் மிசின் ஓட்டுற மதன்குமார்.

முனீஸுக்குச் சிரிப்பு தாங்கல. இந்தத் தொழில்ல எல்லாரும் வழுக்கி விழுற எடம் அதான். இரும்புப் பவுடர மெழுகு, பிளாஸ்டிக்கோட சூடாப் பெசஞ்சு மோல்டுக்குள்ள அடிக்கணும். வெளிய வர்ற பீஸு பாக்க முழுசா இருக்கும், வெரலால நெருக்குனா ஒடஞ்சுரும். மெழுக எடுத்துட்டு ஃபர்னஸ்ல வேகவச்சாத்தான் இரும்பு. ஆனா வேகும்போது ஆறுல ஒரு பங்கு சுருங்கிப்போகும். எவ்வளவு சுருங்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டு மோல்டப் பெருசா வெட்டணும். கலவைக்குக் கலவை அந்தக் கணக்கு மாறும்.

எவனோ கோட்டை விட்டுட்டான், பாவம்.

எவ்வளவு விட்டான்னு பாப்பமேன்னு வெர்னியர எடுத்தா. இருக்க வேண்டியது பன்னெண்டு மில்லி.

பதினொன்னு புள்ளி எட்டு.

சிரிப்பு பாதில நின்னுச்சு.

பீஸத் தொடச்சுட்டுத் திரும்ப வச்சா. அதேதான்.

அந்த நம்பர அவ மறப்பாளா? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே கொக்கிக்கு அவ வெட்டுன மொத மோல்டு. சுருக்கத்தக் கொறச்சுக் கணக்குப் போட்டுட்டா. வெந்து வந்த அத்தன பீஸும் பதினொன்னு புள்ளி எட்டு. மூணு நாளு சோறு எறங்கல. அப்பறம் கணக்கத் திருத்தி, வேற மோல்டு வெட்டி, பழைய மோல்டு வரைபடத்தக் கிழிச்சு அடுப்புல போட்டா. லேப்டாப்புலயும் அழிச்சுட்டா. கலவை விகிதம், மோல்டு அளவு எல்லாம் எழுதி வச்ச அந்தப் படம் இப்ப எங்கனயும் கெடையாது.

ஒரே ஒருத்தருக்கு அனுப்புனதத் தவிர.

"என்னத்தா, ஆர்டர் கெடச்சதுக்கு மூஞ்சிய இப்பிடியா வைப்பாக?"ன்னாக அண்ணாச்சி.

"அண்ணனுக்கு அடிச்சுச் சொல்லுக்கா. கோயம்புத்தூர்லயே குதிப்பாக"ன்னான் மதன்.

அண்ணன் விஜய்பாண்டி. பொம்பளப்புள்ளைக்குப் பட்டறை எதுக்குன்னு அப்பா குதிச்சப்ப, வீட்ட விட்டு வெளியேறுவேன்னு மல்லுக்கு நின்னு இந்த யூனிட்ட வைக்க வச்சவன். படத்த மொத மொத அவனுக்குத்தான் அனுப்புனா. நீ மட்டும் பாருண்ணே, வேற யாருக்கும் காட்டாதன்னு சொல்லித்தான் அனுப்புனா.

போன எடுத்தா. அடிக்கல. வாட்ஸப்ல மேல மேல தள்ளிக்கிட்டே போனா. தோட்டத்து மாம்பழம், அம்மாவோட கண்ணு ஆபரேசன், அவன் வாங்குன புது பைக்கு. எல்லாத்தையும் தாண்டி, அங்கன இருந்துச்சு அந்தப் படம்.

அதுக்குக் கீழ, நாலு நாள் கழிச்சு அவ அனுப்புன மெசேஜு. நமக்காக இம்புட்டு மல்லுக்கட்டுனவன், சொதப்பிருச்சுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவானேன்னு, பொறந்ததுல இருந்து அவங்கிட்ட அவ சொன்ன ஒரே பொய்.

"மொத மோல்டுலயே சைஸ் கச்சிதம்ண்ணே."

அதுக்கு அவன் போட்ட பதிலும் அப்பிடியே கெடந்துச்சு.

"நீ சொல்லிட்டேல்ல ஆத்தா. அளந்து பாக்கவே வேணாம்."