நூலுக்குக் கீழே

மறுபடியும் மட்டை நூலுக்கு மேலே போய்விட்டது.

செவிலிமேட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து தரையில் வைத்த செங்கல் வரைக்கும் தினகரன் சாய்வாக ஒரு நூல் கட்டியிருந்தான். ஓங்கிய கோல்ஃப் மட்டை இறங்கும்போது அந்த நூலுக்குக் கீழே, அதே சாய்வில் வர வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

அவன் மனைவி அகிலாவின் மட்டையோ நூலைக் கண்டாலே வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

நாளைக் காலையில் தேர்வு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் டோக்கன் கொடுப்பவள் அவள். தேறினால் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தேறாவிட்டால் பழையபடி டோக்கன்தான். இன்னொரு தடவை போய்க் கேட்க அவளுக்கு முகம் கிடையாது.

இறங்கும்போது மட்டை கொஞ்சம் சுற்றி வருகிறது என்று பயிற்சியாளர் சொன்னதற்குத்தான் இந்த நூல் வைத்தியம். கட்டிய நாளிலிருந்து வியாதி முற்றியதுதான் மிச்சம்.

"நூல்தானேம்மா? அறுந்தா வேற கட்டிக்கினா போச்சு. தைரியமா அடி."

அவனுக்கென்ன, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மாமியார் வீட்டில் மிச்சம் கிடந்த பட்டு இழைகளை, கெட்டியாக இருக்கிறதே என்று முறுக்கிக் கட்டிவிட்டான். அகிலா நெசவுக்காரர் வீட்டுப் பெண். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தால் தாண்டக் கூடாது, குனிந்து நுழையவும் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படி வளர்ந்த கை.

"கை போவ மாட்டேங்குதுபா. பட்டாச்சே."

தினகரன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து தொட்டிப் பக்கம் போய் என்னவோ செய்தான்.

"அவுத்துட்டேன். இப்ப அடி."

பொழுது சாய்ந்திருந்தது. அரக்கு நிற நூல் இருந்த இடமே தெரியவில்லை.

அகிலா மட்டையை ஓங்கி இறக்கினாள். காற்றைக் கிழித்த சத்தமே வேறாக இருந்தது. இன்னொரு தடவை வீசிப் பார்த்தாள். அதே சாய்வு, அதே சத்தம். அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

மட்டையைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினாள்.

நெற்றியில் நூல் இடித்தது.

கட்டின முடிச்சு கட்டினபடியே இருந்தது. அந்தப் பக்கம் தினகரன் தொட்டியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது அகிலாவுக்கு.

அதற்கும் செங்கல்லைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.