சுவிட்ச் போர்டின் உயரம்

“சுவரைப் பார்த்து நில்லுங்க. கையைத் தோளுக்கு நேரா நீட்டுங்க. ம்... போதும்,” என்றாள் மனைவி.

கையை நீட்டியபடியே கணவர் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார். “இப்படி அளக்கிறதைப் பார்த்தா, இந்த வயசுல என்னைப் போலீஸ்ல சேர்த்துவிடப் போறா போலிருக்கு.”

அவருடைய விரல் தொட்ட இடத்தில் எலெக்ட்ரீஷியன் சாக்கட்டியால் கோடு போட்டான். புதிதாகக் கட்டிய அடுப்பு மேடைக்கு மேல் சுவிட்ச் போர்டு வர வேண்டிய இடம் அது. கோடு, மனைவியின் தலைக்கு மேலே இருந்தது.

“மேடையைத் தாண்டி உங்களுக்கு எட்டாதேம்மா?”

“எட்டலைன்னா ஸ்டூல் போட்டுக்கறேன். நீங்க குறிச்சுக்குங்க.”

“மிக்ஸி பாயிண்ட்?”

“இடது கோடியில. இவருக்கு இடது கைப் பழக்கம்.”

“மிக்ஸியை நான் எதுக்குத் தொடப் போறேன்?” என்றார் கணவர். “முப்பது வருஷமா நான் இந்தப் பக்கம் வந்ததே தண்ணி குடிக்கத்தான்.”

“முப்பது வருஷம் நான் செஞ்சாச்சு. இனிமே நீங்க செய்யுங்க.”

“சார் ரிட்டையர் ஆகிட்டாரா?” எலெக்ட்ரீஷியன் கேட்டான்.

“போன மாசம்தான்.”

“அதுக்குள்ள அடுத்த வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு,” என்றான் எலெக்ட்ரீஷியன்.

கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“காய் நறுக்கிற இடத்துக்கு, அலமாரிக்கு அடியில தனியா ஒரு விளக்கு வேணும். கூரை விளக்கு மட்டும் இருந்தா, இவர் நிழலே கத்தி மேல விழும். அப்புறம், ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் பெரிய எழுத்துல பேர் ஒட்டிடுங்க.”

சொந்த அடுக்களைக்குப் பெயர்ச்சீட்டா? எலெக்ட்ரீஷியனுக்கு எரிச்சலாக இருந்தது. மனுஷன் வகையாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டான்.

விளக்கு மாதிரிகளைப் பார்த்து வரக் கணவர் கடைக்குக் கிளம்பினார். வாசற்கதவு சாத்தியதும், அவனால் அடக்க முடியவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இத்தனை வருஷம் ஓடியாடி உழைச்சவர். இப்பவாவது நிம்மதியா உட்காரட்டுமே. அவரை அடுப்படியில நிக்க வச்சே ஆகணுமா? சொல்லுங்க, கோட்டை உங்க உயரத்துக்கு இறக்கிடறேன்.”

“இறக்காதீங்க தம்பி.”

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு இன்னும் ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். இவருக்கு அது தெரியாது.”

எலெக்ட்ரீஷியன் சுவரில் இருந்த கோட்டை இன்னொரு முறை அழுத்திப் போட்டான்.

“ஒரு வாரத்துல முடிச்சுக் கொடுத்துடுங்க. வெந்நீர் வைக்கிறதுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் இவருக்குச் சொல்லித் தரணும்.”