சன்னலோரக் கட்டில்

மாரிச்செல்வம் விடுதியில் மறுபடியும் அறை மாறியிருந்தான். எந்த அறைக்குப் போனாலும் பெட்டியை இறக்கும் முன்பே, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, சன்னலோரக் கட்டிலில் துண்டைப் போட்டுவிடுவான். அது ஜெபராஜுக்கு. போன வருடம் கடலில் குளிக்கப் போன இவர்கள் இருவரில் கரையேறாதவன் ஜெபராஜ், துண்டும் அவனுடையதுதான். போட்டபின் மாரிச்செல்வத்துக்கு இருப்புக்கொள்ளாது. வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பான்.

இன்று புது மாணவன் ஒருவன் பாயும் பக்கெட்டுமாக வாசலில் நின்றான்.

"அண்ணே, இங்க ஆள் இருக்கா?"

"இருக்கு."

"காலியா இருக்குன்னுல்ல வார்டன் சொன்னாரு."

"அவருக்குத் தெரியாது. வருவான்."

புதியவன் துண்டைப் பார்த்தான். பக்கெட்டைக் கீழே வைத்தான்.

"சரிண்ணே. அவரு வர்ற வரைக்கும் உக்காந்துக்கிறேன். வந்ததும் எந்திரிச்சிடுறேன்."

மாரிச்செல்வம் துண்டை எடுக்கவில்லை. சுவரோரமாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டான்.